ஆளைப் பார்த்து விலை

2012 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் ஒரு ஸ்டேப்ளரின் விலையைத் துருவி ஆராய்ந்து நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ஸ்விங்லைன் என்ற பெயரில் விற்கும் சாதாரண ஸ்டேப்ளர் அது. அலுவலகச் சாமான் விற்கும் ஸ்டேப்பிள்ஸ் நிறுவனத்தின் இணையக் கடையில் அதன் விலை ஒருவருக்கு 14 டாலர் 29 சென்ட் என்று தெரிந்தது. சில மைல் தள்ளி இருந்த இன்னொருவர் அதே தளத்தைத் திறந்தபோது 15 டாலர் 79 சென்ட் கேட்டது. பொருள் ஒன்று, கடை ஒன்று. வித்தியாசம் ஒன்றரை டாலர்.

இது தற்செயலா, திட்டமா என்று பார்க்கச் செய்தியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அமெரிக்காவின் 42,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பகுதிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாடிக்கையாளர் அந்தக் கடைக்குள் நுழைவதுபோல நிரல் எழுதி, அந்த ஸ்டேப்ளரின் விலையைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். கணினியின் ஐ.பி. முகவரியை வைத்தே அதற்கு முன்னால் இருப்பவர் ஏறத்தாழ எந்த வட்டாரத்தில் இருக்கிறார் என்று ஒரு இணையதளம் ஊகித்துவிடும். அந்த ஊகத்தைப் பொறுத்து விலை மாறுகிறதா என்பதுதான் கேள்வி. மாறியது. வருமானம், ஊரின் அளவு, கடைக்கு உள்ள தூரம் என்று பல காரணங்களைப் பொருத்திப் பார்த்ததில், எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்தியது ஒன்றே ஒன்று. ஆஃபீஸ்மேக்ஸ், ஆஃபீஸ் டெப்போ என்ற போட்டி நிறுவனங்களின் கடை சுமார் 20 மைலுக்குள் இருந்தால் பெரும்பாலும் குறைந்த விலை. பக்கத்தில் போட்டிக் கடை இல்லையென்றால் கூடுதல் விலை. வாடகை, கூலி, சரக்குப் போக்குவரத்து எனப் பல காரணங்களால் விலைகள் மாறும் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

வியாபாரம் தெரிந்த யாருக்கும் இந்த விதி ஆச்சரியம் தராது. போட்டி இருக்கும் இடத்தில் விலை இறங்கும். செய்தியாளர்கள் அதோடு நிற்காமல் இன்னொன்றையும் கணக்கிட்டார்கள். குறைந்த விலை கிடைத்த பகுதிகளின் சராசரி வருமானம், கூடுதல் விலை கேட்கப்பட்ட பகுதிகளைவிட அதிகமாக இருந்தது. வசதியான புறநகரைச் சுற்றித்தான் கடைகள் நெருக்கமாக இருக்கும். எளியவர்கள் வாழும் இடத்திலும் ஒதுக்குப்புறத்திலும் கடைகள் தூரம் தூரமாக இருக்கும். கடையின் விதியில் வருமானம் என்ற சொல்லே இருந்திருக்க வேண்டியதில்லை. தூரத்தை மட்டும் அளந்தால் போதும், ஏழைக்குக் கூடுதல் விலை என்ற முடிவு தானாக வந்துவிடும்.

இந்த அத்தியாயத்தின் மையம் அந்த ஒன்றரை டாலரில் இருக்கிறது. தனி ஆளுக்குத் தனி விலை என்றதும் பணக்காரனிடம் கூடுதலாகக் கறக்கும் ஒரு தந்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ‘வசதியுள்ளவன் கொடுக்கட்டுமே’ என்று ஒரு சமாதானமும் மனதில் எழும். ஆனால் விலை போடும் கணக்கு அளப்பது பணப்பையின் கனத்தை அல்ல. இந்த விலை பிடிக்கவில்லையென்றால் உங்களுக்கு வேறு போக்கிடம் உண்டா என்பதைத்தான் அது அளக்கிறது.

கூரை இல்லாத ரயில் பெட்டி

இந்த விஷயம் கணினியோடு பிறந்ததல்ல. 1849-இல் பிரான்சின் பொறியாளர் ஜூல் துப்புயி ரயில் கட்டணங்களைப் பற்றி எழுதும்போது, மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்கு ஏன் கூரை இல்லை என்பதற்கு ஒரு கூர்மையான விளக்கம் தந்தார். கூரை போடப் பெரிய செலவில்லை. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெட்டி வெயிலுக்கும் மழைக்கும் விடப்பட்டது என்றார் அவர். யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ரயில் கம்பெனிக்குத் தெரியாது. எனவே பயணிகள் தாங்களாகவே பிரிந்து நிற்கும்படி வகுப்புகளை அமைத்தது.

1920-இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆர்தர் பிகு இந்த உத்திகளை மூன்று படிகளாக வகைப்படுத்தினார். மாணவருக்கு ஒரு கட்டணம், முதியவருக்கு ஒரு கட்டணம் என்று கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது அதில் மூன்றாம் படி. ஒவ்வொருவரிடமும் அவர் கொடுக்கத் துணியும் உச்ச விலையையே துல்லியமாக வாங்கிவிடுவது முதல் படி. முதல் படி தாளில் மட்டும் நிற்கும் கற்பனை, நடைமுறைக்கு வராது என்பதே அவருடைய மதிப்பீடு. ஒருவர் மனதில் உள்ள உச்ச விலையைக் கடைக்காரர் எப்படி அறிவார்?

பிகு எழுதிய காலத்தில் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களின் பெரிய கடைகள் நேரெதிர்த் திசையில் வெகுதூரம் போயிருந்தன. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர் சமயத்தவர், ஆளுக்கு ஒரு விலை சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதி ஒரே விலை சொல்லி விற்றார்கள். 1870-களில் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வனமேக்கர் தன் பெருங்கடையில் பொருள்மீதே விலைச்சீட்டு கட்டித் தொங்கவிட்டு அதைப் பரவலாக்கினார். ஆயிரக்கணக்கான பொருள்களும் நூற்றுக்கணக்கான சம்பள ஊழியர்களும் உள்ள கடையில் பேரம் பேசி விற்க முடியாது என்ற வசதிக் காரணமும் அதில் உண்டு. எப்படியிருந்தாலும், கடைக்குள் வருபவர் யாராக இருந்தாலும் இதே விலை என்ற வழக்கம் அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. அதை நாகரிகத்தின் ஒரு நல்ல பேறு என்றே நான் கருதுகிறேன்.

பேரமும் ஆளைப் பார்த்துச் சொல்லும் விலைதானே என்று கேட்கலாம். சந்தையில் காய்க்காரம்மா நம் காரைப் பார்த்துக் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றிச் சொல்வார். ஆனால் நாமும் அவர் முகத்தைப் பார்க்கிறோம். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன விலை சொன்னார் என்பது நம் காதில் விழுகிறது. மாலையானால் அவர் சரக்கு வாடும் என்பதும் நமக்குத் தெரியும். அங்கே இரண்டு பக்கமும் ஊகிக்கிறது. திரையில் வரும் விலையில் ஊகிப்பது ஒரு பக்கம் மட்டுமே.

எழுந்து போனவர்களின் கணக்கு

கணினி ஒருவரின் உச்ச விலையை எப்படி ஊகிக்கிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ழான்-பியர் துபே, சஞ்சோக் மிஸ்ரா ஆகியோர் 2015-இல் நடத்திய சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் விளம்பரம் போடும் ஜிப்ரெக்ரூட்டர் தளம் அதன் களம். புதிதாக வரும் சிறு நிறுவனத்திடம் தளம் சில கேள்விகள் கேட்கும்: எந்த மாநிலம், என்ன தொழில், எத்தனை பேர் வேண்டும், சம்பளத்தோடு வேறு சலுகைகள் தருவீர்களா. பதில் தந்த பிறகுதான் மாதச் சந்தா எவ்வளவு என்று திரையில் வரும். அதுவரை சிறு நிறுவனங்களுக்கு 99 டாலர் என்று ஒரே விலை இருந்தது.

ஆய்வாளர்கள் 7,800-க்கும் மேற்பட்ட புதிய வாடிக்கையாளர்களுக்குக் குலுக்கல் முறையில் பத்து வெவ்வேறு விலைகளைக் காட்டினார்கள். மிகக் குறைந்தது 19 டாலர், மிக அதிகம் 399 டாலர். குலுக்கல் என்பதால் யாருக்கு எந்த விலை என்பதில் எந்தச் சார்பும் இல்லை. பிறகு ஒவ்வொரு விலையிலும் யார் சந்தா கட்டினார், யார் எழுந்து போனார் என்று குறித்துக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு நடப்பது கணக்கு. இந்த மாநிலம், இந்தத் தொழில், இத்தனை வேலையிடங்கள் என்று பதில் தந்தவர்களில் எத்தனை பேர் 199 டாலரைப் பார்த்ததும் விலகினார்கள், 249-இல் எத்தனை பேர், 299-இல் எத்தனை பேர்? பதில்களுக்கும் விலகலுக்கும் உள்ள தொடர்பை நிரல் கண்டுபிடித்துவிட்டால், நாளை வரும் புது ஆளின் பதில்களைக் கொண்டு அவர் எந்த விலையில் விலகுவார் என்று ஊகிக்கலாம். நிரலுக்கு அவரைத் தனிப்பட்ட முறையில் எதுவும் தெரியாது. அவரைப் போன்றவர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்பது மட்டும் தெரியும். பொருளியலில் விலை நெகிழ்ச்சி என்று சொல்லும் அளவின் உள்ளடக்கம் இவ்வளவே. விலையை ஒரு பங்கு ஏற்றினால் எத்தனை பங்கு பேர் போய்விடுவார்கள்? சீக்கிரம் போய்விடுவார் என்று கணிக்கப்பட்டவருக்கு விலை குறையும். போகமாட்டார் என்று கணிக்கப்பட்டவருக்கு ஏறும்.

முடிவுகளையும் முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பேசுகின்றன. எல்லாருக்கும் பொருந்தும் மிகச் சிறந்த ஒரே விலையை வைப்பதைவிட, ஆளுக்கு ஒரு விலை வைத்தால் லாபம் 19 சதவீதம் கூடும் என்று வந்தது. வாடிக்கையாளர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த ஒரே விலையைவிடக் குறைந்த விலை கிடைத்தது. அதே சமயம் எல்லாரையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் நுகர்வோர் கையில் மிஞ்சும் பயன் குறைந்தது. பலருக்குக் கொஞ்சம் கிடைத்தது, சிலரிடமிருந்து நிறையப் போனது. அந்தச் சிலர் யார் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. விலகிப் போகாதவர்கள் அவர்கள்.

விலகாமல் இருப்பதற்குப் பணம் நிறைய இருப்பது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. பக்கத்தில் வேறு கடை இல்லை. பத்துத் தளங்களில் விலை ஒப்பிட நேரமில்லை, பழக்கமில்லை, வயதாகிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல், இப்போதே வேண்டும். கணக்கில் இவை எல்லாம் ஒரே எண்ணாகக் கரைந்துவிடுகின்றன. செல்வத்தையும் நிர்ப்பந்தத்தையும் பிரித்துக் காட்டும் எதுவும் அந்த எண்ணில் இல்லை.

ஊபர் நிறுவனத்தில் பணியாற்றிய பொருளியலாளர் கீத் சென் 2016-இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன தகவல் இதற்குப் பொருத்தமானது. கைபேசியின் பேட்டரி தீரப்போகும் நிலையில் இருப்பவர்கள், கட்டணம் பல மடங்கு ஏறியிருந்தாலும் வண்டியை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்று தரவு காட்டியது. விலை போட அதை நிறுவனம் பயன்படுத்தவில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். ஆனாலும் அந்தத் தொடர்பு தரவில் கிடக்கிறது என்பது உண்மை. இரவில் தெருவோரத்தில் மூன்று சதவீத பேட்டரியோடு நிற்பவரின் பதற்றம், நிரலின் பார்வையில் அதிகம் கொடுக்கும் மனம் என்று பதிவாகிறது.

விலைச்சீட்டு மாறாமலே மாறும் விலை

ஒரே பொருளுக்கு இரண்டு விலை என்று வெளிப்படையாகத் தெரிந்தால் வாடிக்கையாளர் கொதித்துப் போவார் என்பதைக் கடைகள் 2000-லேயே கற்றுக்கொண்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் அமேசானில் ஒரே டிவிடி ஆளுக்கு ஒரு விலையில் இருப்பதை வாடிக்கையாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆளைப் பார்த்து அல்ல, குலுக்கல் முறையில் விலைகளைச் சோதித்தோம் என்று அமேசான் சொன்னது. அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். 6,896 பேருக்குச் சராசரியாக 3 டாலர் 10 சென்ட் திருப்பித் தரப்பட்டது.

அதன்பின் இந்தத் தொழில்நுட்பம் விலைச்சீட்டைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் தொடத் தொடங்கியது. 2012-இல் ஆர்பிட்ஸ் என்ற பயண முன்பதிவுத் தளம், ஆப்பிள் மேக் கணினியிலிருந்து வருபவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டிப் பார்த்தது. மேக் வைத்திருப்பவர்கள் ஓர் இரவுக்கு 30 சதவீதம்வரை கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்று அதன் தரவு சொன்னது. ஒரே அறைக்கு இரண்டு விலை வைக்கவில்லை என்று அந்தத் தளம் சொன்னது சரிதான். அலமாரியின் வரிசை மட்டும் மாறியது. முதல் பக்கத்தைத் தாண்டிப் போகாதவருக்கு வரிசைதான் விலை.

இன்னொரு வழி கூப்பன். பலசரக்குக் கடையில் எல்லாருக்கும் ஷாம்பூ 6 டாலர் என்று சீட்டு இருக்கும். உறுப்பினர் அட்டையோ செயலியோ வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு டாலர் தள்ளுபடி வரும், இன்னொருவருக்கு இரண்டு டாலர், மூன்றாமவருக்கு ஒன்றும் வராது. மூவர் கட்டும் தொகையும் வேறு. ‘நாங்கள் யாருக்கும் விலையை ஏற்றுவதில்லை, சிலருக்குக் குறைக்கிறோம், அவ்வளவுதான்’ என்று கடைகள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எந்த உயரத்திலிருந்து குறைக்கிறார்கள் என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். சீட்டு விலையை ஏற்றிவைத்துவிட்டு ஆள் பார்த்துத் தள்ளுபடி தருவதும், ஆள் பார்த்து விலை ஏற்றுவதும் பில்லில் ஒன்றுதான். தள்ளுபடி வராத அந்த மூன்றாமவர் பெரும்பாலும் யார்? வருடக்கணக்காக அதே ஷாம்பூவை அதே கடையில் வாங்குபவர். தள்ளுபடி இல்லாமலும் வாங்குவார் என்று தரவு சொல்லும்போது அவருக்கு எதற்குக் கூப்பன்?

விசுவாசத்துக்கு விழும் இந்த அபராதம் அரசின் கையால் அளந்து காட்டப்பட்டது பிரிட்டனில். அது பலசரக்கு அல்ல, வீட்டு, வாகனக் காப்பீடு. வருடா வருடம் கேள்வி கேட்காமல் புதுப்பிப்பவர்களிடம் பிரீமியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதும், புதிதாக வருபவருக்குக் குறைத்துத் தருவதும் அங்கே வழக்கமாக இருந்தது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்த நிதி நடத்தை ஆணையம், 60 லட்சம் பாலிசிதாரர்கள் தங்கள் இடருக்குரிய சராசரியைக் கட்டியிருந்தால் 120 கோடி பவுண்டு மிச்சப்படுத்தியிருப்பார்கள் என்று கண்டது. 2022 ஜனவரி 1 முதல், புதுப்பிப்பவருக்குப் புதியவரைவிடக் கூடுதல் விலை கேட்பதைத் தடை செய்தது. நெடுங்காலம் ஒரே இடத்தில் இருப்பதை நம் தாத்தா பாட்டிகள் மரியாதைக்குரிய பண்பாக நினைத்தார்கள். அந்தப் பண்பையே கணக்கு விலையேற்றத்துக்கான தடயமாக எடுத்துக்கொள்கிறது.

மினசோட்டா மாநிலத் தொலைக்காட்சி நிலையமான கேர் 11, 2019 வாக்கில் கண்டுபிடித்தது இன்னும் பளிச்சென்று தெரியும். டார்கெட் கடையின் செயலியில் 55 அங்குல சாம்சங் டிவி ஒன்றைச் செய்தியாளர்கள் பார்த்தார்கள். கடையிலிருந்து தள்ளி நின்றபோது 499 டாலர் 99 சென்ட். வண்டி நிறுத்துமிடத்துக்குள் போனதும் அதே கைபேசியில் 599 டாலர் 99 சென்ட். செயலி இருப்பிடத்தை அறிந்து, இணைய விலையிலிருந்து அந்தக் கிளையின் விலைக்கு மாறிக்கொண்டது. வீட்டில் உட்கார்ந்திருப்பவர் விரல் நுனியில் வேறு கடைக்குப் போகலாம். வண்டி ஓட்டி, இடம் தேடி நிறுத்தி, இறங்கி நடப்பவர் ஏறக்குறைய வாங்க முடிவெடுத்துவிட்டவர். இது தொடர்பாகக் கலிஃபோர்னியாவின் சில மாவட்ட வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில், 2022-இல் டார்கெட் 50 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

கேட்காத கேள்விக்குப் பதில்

நிரலுக்குள் இனம், சாதி, மதம், வருமானம் எதையும் நாங்கள் கொடுக்கவில்லை என்று நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். கொடுக்காமலே அவை உள்ளே வந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

அமெரிக்கக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி தரும் பிரின்ஸ்டன் ரிவ்யூ, தன் இணைய வகுப்புக்கு விலை சொல்லும் முன் அஞ்சல் குறியீட்டைக் கேட்டது. 24 மணி நேரத் தனிப்பயிற்சி சில பகுதிகளில் 6,600 டாலர், வேறு சில பகுதிகளில் 8,400 டாலர். இணையத்தில் நடக்கும் வகுப்பு அது, ஊருக்கு ஊர் ஆசிரியர் பயணம் செய்ய வேண்டியதில்லை. ஹார்வர்ட் மாணவர்கள் சிலர் இதைக் கவனித்தார்கள். புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2015-இல் நாடு முழுதுமான குறியீடுகளை வைத்து ஆராய்ந்தது. ஆசிய வம்சாவளியினருக்கு உச்ச விலை காட்டப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்கள் வருமானம் குறைந்த பகுதிகளில் வாழ்ந்தாலும் இந்த வித்தியாசம் மறையவில்லை. நியூயார்க் குவீன்ஸில் உள்ள ஃபிளஷிங் வட்டாரத்தில் ஓர் அஞ்சல் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு. மக்களில் 70 சதவீதத்தினர் ஆசியர்கள், வருமானமோ பெரும்பாலான பகுதிகளைவிடக் குறைவு, விலை மட்டும் உச்சத்தில் இருந்தது. உள்ளூர்ச் சந்தை நிலவரத்தைப் பொறுத்தே விலை வைத்தோம் என்றது நிறுவனம்.

அந்த விளக்கத்தைப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. பிள்ளைகளின் படிப்புக்காக வயிற்றைக் கட்டிச் சேர்க்கும் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடத்தில், விலை ஏறினாலும் விலகுபவர் குறைவாக இருந்திருக்கலாம். அஞ்சல் குறியீடு என்ற ஐந்து எண்களுக்குள் குடியேறியவர்களின் அந்தப் பிடிவாதமும் அடங்கியிருக்கிறது. யாரும் இனத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் சிலருக்கு இனத்தின் பேரில் விலை கூடியது.

அஞ்சல் குறியீடு ஒரே ஒரு தகவல். இன்றைய கடைகளிடம் எவ்வளவு இருக்கிறது? அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஜூலையில், விலை போடும் சேவைகளை விற்கும் எட்டு நிறுவனங்களுக்குத் தகவல் கேட்டு உத்தரவு அனுப்பியது. மாஸ்டர்கார்டு, ஜேபி மார்கன் சேஸ், அக்சென்சர், மெக்கின்சி போன்ற பெரிய பெயர்கள் அதில் இருந்தன. 2025 ஜனவரியில் வந்த ஆரம்பகட்ட அறிக்கையின்படி, துல்லியமான இருப்பிடம், இணையத்தில் உலாவிய வரலாறு, திரையில் மவுஸ் நகர்ந்த விதம், கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்ட பொருள்கள் எல்லாம் பயன்படக் கூடியவை. இந்த இடைநிலை நிறுவனங்களுக்குக் குறைந்தது 250 வாடிக்கையாளர் நிறுவனங்கள் இருந்தன. ஆணையம் ஓர் உதாரணம் சொல்லியது. ஒருவர் புதிதாகப் பெற்றோர் ஆனவர் என்று தரவு காட்டினால், குழந்தைக்கான தெர்மாமீட்டர் தேடும்போது விலை கூடியவற்றையே முதல் பக்கத்தில் காட்ட முடியும். கைக்குழந்தை அனலாகக் கொதிக்கும் இரவில் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறவர் யார்?

இவ்வளவு தரவும் கருவியும் இருந்தும், கடைகள் இதை எந்த அளவுக்குப் பயன்படுத்துகின்றன என்று வெளியிலிருந்து அளப்பது கடினம். ஒவ்வொருவரும் தன் திரையை மட்டும்தான் பார்க்கிறார்கள். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் 16 பிரபலத் தளங்களைச் சோதித்து ஒன்பதில் ஆளுக்கேற்ப விலையோ வரிசையோ மாறுவதைக் கண்டார்கள். 2025-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பும் கூட்டாளிகளும் 437 தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். நான்கு நகரங்களில், ஒரே நேரத்தில், ஒரே கடையின் ஒரே பொருள்களை, பலசரக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் இன்ஸ்டாகார்ட் செயலியில் கூடையில் போடச் சொன்னார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பொருள்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விலை. மிகப் பெரிய வித்தியாசம் 23 சதவீதம். வாஷிங்டனில் ஒரே கடையின் ஒரு டஜன் முட்டைக்கு 3 டாலர் 99 சென்ட் முதல் 4 டாலர் 79 சென்ட்வரை ஐந்து விலைகள். இவை குலுக்கல் முறைச் சோதனைகள், தனிப்பட்ட தரவைப் பயன்படுத்தவில்லை என்று இன்ஸ்டாகார்ட் சொன்னது. செய்தி பரவிய சில வாரங்களில், 2025 டிசம்பரில், அந்தச் சோதனைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஜிப்ரெக்ரூட்டரில் பார்த்தோமே, குலுக்கல் விலைதான் எந்த விலை நிரலுக்கும் முதல் பாடம். யார் எந்த விலையில் விலகுகிறார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி வாடகைக் கார் வழியாக வந்தது. ஒரே இடத்துக்கு ஐஃபோனில் ஒரு கட்டணமும் ஆண்ட்ராய்டில் ஒரு கட்டணமும் காட்டுவதாகப் புகார்கள் எழ, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கைபேசியின் வகையைப் பார்த்துக் கட்டணம் வைப்பதில்லை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. இரண்டு கைபேசிகளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுவதால் இது நிரூபணமாகாது. இரண்டு தேடல்களுக்கு நடுவே அரை நிமிடம் போனாலே கட்டணம் வேறு காரணத்தால் மாறியிருக்கலாம். அந்த நானூற்றுச் சொச்சம் பேரைப் போல ஒரே நேரத்தில் பலர் சேர்ந்து பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

சட்டங்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. தானியங்கி முறையில் ஆளுக்கேற்ப விலை வைத்தால் அதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் நடைமுறையில் உள்ளது. நியூயார்க் மாநிலத்தில் 2025 நவம்பர் முதல், அத்தகைய விலைக்குப் பக்கத்திலேயே ‘இந்த விலை உங்கள் தனிப்பட்ட தரவைக் கொண்டு ஓர் அல்காரிதத்தால் நிர்ணயிக்கப்பட்டது’ என்ற பொருள்படும் வரியைக் காட்டியாக வேண்டும். சில்லறை வணிகர் சங்கம் நீதிமன்றம் போனது, வழக்கு தள்ளுபடியானது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர்வரை அபராதம்.

இந்த வரி வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் ஃபிளஷிங்கில் இருக்கும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு உதவும்? எந்தத் தரவு பயன்பட்டது என்று அந்த வரி சொல்வதில்லை. மற்றவர்களுக்கு என்ன விலை என்றும் சொல்வதில்லை. தன் விலை ஏறியதா, இறங்கியதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. வேறு போக்கிடம் இல்லாதவருக்கு அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியும் இல்லை. கேட்க வேண்டியது வேறொன்று: எந்த விலை யாருக்குக் காட்டப்பட்டது, அவர்களில் யார் வாங்கினார், யார் விலகினார் என்ற பதிவேட்டைக் கண்காணிப்பு அமைப்பு கேட்டால் கடை தர வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டுத் தந்தால் போதும். வருமானம் குறைந்த பகுதியும் வசதியான பகுதியும் கட்டிய சராசரியை ஒப்பிட அதுவே போதுமானது. இது பெரும் சுமை, செலவு என்று கடைகள் சொல்ல முடியாது. அந்தப் பதிவேடு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது இல்லாமல் அவர்களுடைய நிரல் ஒரு விலையைக்கூடக் கற்றிருக்க முடியாது.